மோலியேரின் ‘பூர்ஷ்வா கனவான்’: ஒரு கடன் கணக்கின் வாசிப்பு

மோலியேரின் ‘பூர்ஷ்வா கனவான்’ நாடகம் 1670 அக்டோபரில் ஷாம்போர் அரண்மனையில் பதினான்காம் லூயியின் முன்னிலையில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. துணி வணிகரின் மகனான ஜூர்தேன், பிரபுவாகும் ஆசையில் இசைக்கும் நடனத்துக்கும் வாள்வீச்சுக்கும் தத்துவத்துக்கும் ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டு நகைப்புக்கு இடமாகிறான். தகுதிக்கு மீறி ஆசைப்படும் நடுத்தர வர்க்கத்தின் மீதான எள்ளல் என்றே இந்நாடகம் பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பில் மூன்றாம் அங்கத்தின் கடன் காட்சி உரிய கவனம் பெறுவதில்லை.

தொராந்த் பிரபுவுக்குக் கொடுத்ததையெல்லாம் ஜூர்தேன் குறித்து வைத்திருக்கிறான். பொற்காசாகத் தந்தவை 5,060 லிவ்ர், பிரபுவுக்காக இறகு வணிகருக்குச் செலுத்தியது 1,832, தையற்காரருக்கு 2,780, துணி வணிகருக்கும் சேணக்காரருக்கும் தனித்தனியே. மொத்தம் 15,800 லிவ்ர். இறகும் உடையும் சேணமும் பிரபுத்துவத்தின் புறச் சின்னங்கள். தான் ஏங்கும் தோற்றத்துக்கு ஜூர்தேன் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டான். அது வேறொருவன் மேனியில் இருக்கிறது. தொராந்தோ மேலும் 200 பிஸ்தோல் கேட்டுக் கணக்கை 18,000 ஆக்குகிறான். அன்று காலை அரசரின் அறையில் ஜூர்தேனைப் பற்றிப் பேசியதாக அவன் சொல்லும் ஒரு சொல்லே இத்தனைக்கும் ஈடு.

நான்காம் அங்கத்தில் மாறுவேடமிட்ட பணியாள் கொவியேல், ஜூர்தேனின் தந்தை வணிகரே அல்லர் என்கிறான். துணியின் தரம் அறிந்த அவர், நல்லவற்றைத் தேர்ந்து நண்பர்களுக்குக் கொடுத்துப் பணம் பெற்றாராம்! இந்நகைச்சுவையின் அடியில் சட்டம் இருக்கிறது. சில்லறை வணிகம் செய்யும் பிரபு தன் தகுதியை இழப்பான். 1669ஆம் ஆண்டு ஆணை கடல் வணிகத்துக்கு மட்டுமே விலக்களித்தது.

ஜூர்தேனின் ஆசையைத் தனிமனிதப் பித்து எனக் கொள்வதற்கில்லை. பிரபுத் தகுதி தரும் பதவிகளை அரசே விற்றுவந்தது. அரசச் செயலர் பதவி அவற்றுள் ஒன்று. 1660களில் போலிப் பிரபுக்களைத் தேடித் தண்டம் விதித்த அதே அரசு, 1696இல் 500 பிரபுப் பட்டயங்களை விற்பனைக்கு வைத்தது. ஜூர்தேன் கடை மாறிப் போய்விட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அரசனிடம் வாங்க வேண்டியதைத் தையற்காரரிடம் வாங்கினான்.

மோலியேரின் பார்வைக்கும் எல்லை உண்டு. பிரபுக்களுக்கு விலக்களிக்கப்பட்ட ‘தாய்’ வரியின் சுமையைத் தாங்கிய உழவர்கள் இந்நாடகத்தில் எங்கும் இல்லை. அரண்மனைக்கு அறைகலன் அணிசெய்தவரின் மகனான அவர், பிரபுவைக் கடனாளியாகக் காட்டுமளவு துணிந்தார், தண்டிக்கத் துணியவில்லை. இறுதியில் தொராந்த் செல்வமுள்ள சீமாட்டியை மணக்கிறான். கடனைத் திருப்பித் தருவது பற்றி அங்கே ஒருவரும் பேசுவதில்லை.