கருதலளவையும் கணினிக் கணிப்பும்

சைவசித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பர். புகைகண்டு தீயுண்மை துணியுங் கருதலுக்கும் முன்னைக் காட்சியே வேர். கணினிவழிச் சேதக் கணிப்பும் அத்தகையதே.

2003 சனவரி 16இல் எழுந்த கொலம்பியா விண்ணோடத்தின் இடச்சிறகு விளிம்பில் நுரைத்துண்டொன்று மோதிற்று. அவ்விளிம்பு கரியிழையைக் கரியாற் பிணித்த கூட்டுப்பொருளாலாயது. நாசாப் பொறியியலாளர் கைக்கொண்ட கணிப்புமுறை பனிக்கட்டி மோதற் சோதனைகளினின்று பிறந்தது. 15 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் பனிக்கட்டி ஊடுருவும் என்பது அதன் முடிபு. நுரை மோதிய சாய்வு 21 பாகைவரை ஆகலாமெனக் கண்டும், பனிக்கட்டியினும் நுரை இலேசென்று கருதி, ஊடுருவல் நேராதென அவர் துணிந்தனர். பெப்ரவரி 1இல் ஓடம் மீளுங்கால், சேதமுற்ற விளிம்பின்வழி வெங்காற்றுப் புகுந்து சிறகைச் சிதைத்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர்.

அவ்வாண்டு யூலை 7இல், ஒத்த நுரைத்துண்டை மெய்யான சிறகுத் தகட்டின்மீது எய்து சோதித்தபோது, ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் அகலமான துளை விழுந்தது. முற்பட வேண்டிய காட்சி பிற்பட வந்தது. கணினியைக் குறைகூறுதல் முறையன்று. பனிக்கட்டிக்குக் கண்ட விதியைச் சோதித்தறியாத நுரைக்குத் தளர்த்திப் பொருத்திய துணிபே குற்றமுடைத்து. கணிப்புக் கற்கும் மாணவர் சோதனைச்சாலையைக் கைவிடாதிருத்தல் வேண்டும்.