வேலியில் ஐவிரலி

மழைக்காலம் முடியும் தறுவாயில் கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலி கண்ணில் படுவதைவிடக் கொடிகளே அதிகம் படும். கோவை, முசுமுசுக்கை, ஐவிரலி, பிரண்டை, சிறுபூனைக்காலி என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலுக்குள் ஒரு கொடியைப் பிரித்தறிந்து பெயர் சொல்வது தேர்ந்த கண்களுக்கே வாய்க்கும் கலை. அதைப் பழகுவதற்கு ஐவிரலியைவிட நல்ல கொடி இல்லை.

பழகியவர்கள் முதலில் இலையைப் பார்ப்பதில்லை. கொடி பற்றி ஏற உதவும் பற்றுக்கம்பி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கிறார்கள். பிரண்டையில் அது இலைக்கு நேர் எதிரே புறப்படும். சிறுபூனைக்காலியில் இலைக்காம்பின் கக்கத்திலிருந்து வரும். ஐவிரலி, கோவை, முசுமுசுக்கை மூன்றும் அடங்கிய வெள்ளரிக் குடும்பத்திலோ காம்புக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழச் செங்கோணத்தில் நீளும். பூவும் காயும் இல்லாத காலத்திலும் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இது.

அடுத்து, அந்தக் கம்பியின் நுனி. ஐவிரலியில் அது இரண்டாகப் பிளக்கும். கோவையிலும் முசுமுசுக்கையிலும் வழக்கமாக ஒற்றையாகவே ஓடும்.

இந்தக் கம்பிகளின் அழகில் சொக்கியவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே 1858இல் எழுதிய சிறு கட்டுரையும், அவர் அனுப்பிய விதைகளும் டார்வினை இந்த ஆய்வில் இறக்கின. 1865இல் வெளியான ஏறுகொடிகள் பற்றிய ஆய்வில், இரு முனையும் பிடிபட்ட கம்பி பாதிதூரம் ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் சுருள்வதன் காரணத்தை அவர் விளக்கினார். காற்று இழுக்கும்போது அந்தச் சுருள் நீண்டு கொடுப்பதால் கொடி அறுவதில்லை. சூறைக்காற்று வீசும்போதே வேலியோரம் போய் நின்று அவர் கவனித்தது, பிரையோனியா என்ற வெள்ளரிக் குடும்பக் கொடியை. ஐவிரலிக்கும் லின்னேயஸ் 1753இல் அந்தப் பேரினத்தின் பெயரையே வைத்திருந்தார். 1962இல் தாவரவியலாளர் சார்லஸ் ஜெஃப்ரி அதை டிப்ளோசைக்ளோஸ் பேரினத்துக்கு மாற்றினார்.

இலையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். ஐவிரலியின் இலை விரித்த கைபோல ஐந்தாக ஆழப் பிளந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கோவை இலையும் சில கொடிகளில் அப்படியே பிளந்து நிற்கும். முசுமுசுக்கையைத் தண்டைத் தடவியே கண்டுகொள்ளலாம். அதன் சொரசொரப்பு மற்ற இரண்டுக்கும் இல்லை. அடையும் துவையலும் செய்யக் கொழுந்து பறிக்கும் பெண்கள் விரலாலேயே இதை அறிவார்கள்.

பூவுக்கு வந்தால் குழப்பம் தீரும். கோவைக்குப் பெரிய வெள்ளைப் பூ. அதிலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூவின் அடியில் பிஞ்சுபோல் புடைத்திருந்தால் அது பெண். ஆண்கொடியில் காய் பிடிக்காது. ஐவிரலியில் இருபாற் பூக்களும் ஒரே கொடியில், பல சமயம் ஒரே கணுவில், பசுமஞ்சளாகச் சிறுத்துப் பூக்கும். முசுமுசுக்கைப் பூ இன்னும் சிறிது, நல்ல மஞ்சள்.

ஐவிரலியின் முழு அழகு பழத்தில்தான் இருக்கிறது. கோவையும் ஐவிரலியும் பிஞ்சில் பச்சையில் வெள்ளைக் கோடு போட்டவை. பழுத்ததும் கோவை கோடெல்லாம் மறைந்து முழுச் சிவப்பாகிவிடும். ஐவிரலியோ சிவந்த பின்னும் வெள்ளை வரிகளை விடாது. கோவைப்பழம் நீண்டு தனியே தொங்கும். ஐவிரலி கோலிக்குண்டு அளவில் உருண்டு, சிறு கொத்தாகக் கணுவை ஒட்டி நிற்கும். முசுமுசுக்கைப் பழம் பட்டாணி அளவுதான். வேலிப் பழங்களில் அழகுக்குப் பரிசு கொடுப்பதென்றால் ஐவிரலிக்கே கொடுக்க வேண்டும்.

அழகை நம்பி வாயில் வைத்துவிடக் கூடாது. ஐவிரலிப் பழம் நச்சுத்தன்மை உள்ளது. கோவைப்பழம் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைப் பெரியவர்கள் காட்டித்தர வேண்டும். கிளுவை வேலியைக் கம்பிவேலியாக மாற்றுமுன் கார்த்திகை, மார்கழியில் ஒருமுறை பிள்ளைகளோடு அதன் ஓரமாக நடந்து பாருங்கள். பற்றுக்கம்பியிலிருந்து தொடங்குங்கள்.