அல்ஜியர்ஸில் தனியே நடப்பவள்

ஜில்லோ பொன்டெகொர்வோவின் ‘அல்ஜியர்ஸ் யுத்தம்’ (1966) திரைப்படத்தில், மூன்று பெண்கள் கண்ணாடி முன் தோற்றத்தை மாற்றிக்கொள்கிறார்கள். ஒருத்தி கூந்தலை வெட்டுகிறாள். பின்னணியில் முரசு அதிர்கிறது. ஹாயிக் எனும் வெள்ளைப் போர்வை இல்லாமல், கஸ்பாவின் சோதனைச் சாவடிகளைத் தனித்தனியே தாண்டி, பைக்குள் வெடிகுண்டுடன் பிரெஞ்சுக்காரர்களின் வீதிகளில் நடக்கிறார்கள். சிப்பாய் ஒருவன் வழிந்து பேசி வழிவிடுகிறான்.

பெண் பொதுவெளிக்கு வந்த தருணமாக இக்காட்சி கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்த நடை யாருடையது? போகுமிடத்தைத் தீர்மானித்தவர்கள் ஆண் தளபதிகள். நேரத்தைத் தீர்மானிப்பது குண்டிலுள்ள கடிகாரம். கடலோர நகரில் நடக்கும் இப்பெண்களுக்கு நின்று கடலைப் பார்க்க நேரமில்லை.

அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1980இல் வெளியிட்ட கதைத் தொகுப்புக்கு, அல்ஜியர்ஸ் பெண்களை அறைக்குள் அமர்த்தி டெலக்ரோவா 1834இல் வரைந்த ஓவியத்தின் பெயரையே வைத்தார். அப்போது நாடு விடுதலை பெற்று 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. தலைப்புக் கதையில், போரில் பங்கெடுத்த ஒருத்தி மனம் சிதைந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். 1984இல் வந்த குடும்பச் சட்டமோ, மணமகளுக்கு ஆண் காப்பாளரைக் கட்டாயமாக்கியது. மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படியச் சொன்னது.

தேசத்துக்காகத் தனியே நடக்க அனுமதிக்கப்பட்டவள், தனக்காக நடக்கும்போது மட்டும் கேள்விக்கு உள்ளாகிறாள்: எங்கே போகிறாய், எதற்கு? வேலை ஏதுமின்றி, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு பெண் அந்நகரின் கடற்கரைச் சாலையில் ஊர்சுற்றும் காட்சி இப்படத்தில் இல்லை. அந்தக் காட்சி எங்கே என்று கேட்பதிலிருந்துதான் நம் விமர்சனம் தொடங்க வேண்டும்.