நன்றிக்கடனைச் சுமந்தவனும் சுமக்க மறுத்தவளும்

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2022 மே மாதம் 106 எபிசோடுகளோடு நிறைவடைந்த தொடர் ‘திஸ் இஸ் அஸ்’. பார்த்தவர்களிடம் கேட்டால் எந்தக் காட்சியில் எவ்வளவு அழுதோம் என்றுதான் முதலில் சொல்வார்கள். அழவைத்தது உண்மைதான். ஆனால் டான் ஃபோகல்மன் உருவாக்கிய இந்தக் குடும்பக் கதையின் உச்சமான நடிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை வளர்த்தவர்களுக்குக் கடன்பட்டதா என்ற கேள்விக்கு இரண்டு நடிகர்கள் வசனத்தைவிட உடலால் பதில் சொன்ன இடங்கள் அவை. ஒருவர் ஸ்டெர்லிங் கே. பிரவுன். மற்றவர், இரண்டாம் சீசனில் வந்து சேர்ந்த இளம் நடிகை லிரிக் ராஸ்.

முதுகு வளையாத ராண்டல்

1980, பிட்ஸ்பர்க். ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகளை எதிர்பார்த்த வெள்ளைக்காரத் தம்பதி ஜாக், ரெபெக்கா. மூன்றில் ஒன்று இறந்தே பிறக்கிறது. அதே நாளில் தீயணைப்பு நிலையத்தில் விடப்பட்ட கறுப்பினக் குழந்தை ஒன்று அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. அதையும் சேர்த்து மூன்று பிள்ளைகளோடு வீடு திரும்புகிறார்கள். இறந்த குழந்தைக்கு வைக்க இருந்த பெயரையே முதலில் அவனுக்கும் வைக்கிறார்கள். அவனைப் பெற்ற தந்தை வில்லியமைச் சந்தித்த பிறகு, கவிஞர் டட்லி ராண்டலின் பெயரை ஒட்டி ராண்டல் என்று மாற்றுகிறாள் ரெபெக்கா. அந்தச் சந்திப்பை 36 ஆண்டுகள் மகனிடம் மறைக்கவும் செய்கிறாள்.

இன்னொருவரின் இடத்தை நிரப்ப வந்தவன், அந்த இடத்துக்குத் தான் தகுதியானவன் என்று வாழ்நாள் முழுக்க நிரூபித்துக்கொண்டே இருப்பான். பிரவுன் ராண்டலைப் பிடித்த பிடி இதுதான். நிமிர்ந்த முதுகு, கசங்காத சட்டை, கேள்வி முடியுமுன் வரும் புன்னகை, எதிராளி குறுக்கிட முடியாத வேகப் பேச்சு. முதல் எபிசோடில் வில்லியமின் வீட்டு வாசலில் நின்று, தான் எவ்வளவு வெற்றிபெற்றவன் என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறான். திட்டிவிட்டுத் திரும்பிவிட வந்தவன், கடைசியில் பேத்திகளைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டுவிடுகிறான். ஏன் மனம் மாறினான் என்று வசனம் விளக்குவதில்லை. பிரவுனின் கண்கள் விளக்கிவிடுகின்றன.

இவ்வளவு இறுக்கிக் கட்டிய உடல் ஒருநாள் அவிழத்தான் வேண்டும். முதல் சீசனின் பிற்பகுதியில் அது நடக்கிறது. கை நடுங்கத் தொடங்குகிறது. அலுவலகத் தரையில் சுருண்டு உட்கார்ந்துவிடுகிறான். தன் நாடகத்தின் முதல் நாள் அரங்கேற்றத்தையே விட்டுவிட்டு ஓடிவரும் அண்ணன் கெவின் அவனை அணைத்துக்கொள்கிறான். பிரவுன் அங்கே ஒரு துளியும் மிகைப்படுத்தவில்லை. நல்ல பிள்ளையாகவே இருந்து இருந்து களைத்துப்போன ஒருவனின் களைப்புதான் தெரிகிறது.

அடுத்த எபிசோடு மெம்ஃபிஸ் பயணம். சாகக் கிடக்கும் வில்லியமின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, மெதுவாக மூச்சுவிடச் சொல்கிறான் ராண்டல். சிறுவயதில் அவன் பதறும்போதெல்லாம் ஜாக் அவனுக்குச் செய்தது அது. வளர்த்த தந்தையிடம் கற்றதைப் பெற்ற தந்தைக்குக் கொடுக்கிறான். வில்லியமாக நடித்த ரான் சீஃபஸ் ஜோன்ஸ், தாழ்ந்த குரலிலும் நிதானத்திலும் பிரவுனின் வேகத்துக்கு ஈடுகொடுத்தார். 2018, 2020 என இரண்டு எம்மி விருதுகள் அவருக்குக் கிடைத்தன, 2023இல் மறைந்தார். பிரவுனுக்கு 2017இல் எம்மி. நாடகத் தொடரின் முதன்மை நடிகருக்கான அந்த விருதை 1998இல் ஆண்ட்ரே பிராவர் பெற்றதற்குப் பிறகு ஒரு கறுப்பின நடிகர் பெற்றது அப்போதுதான்.

நீதிபதியின் கேள்வி

இரண்டாம் சீசனில், ராண்டலைத் தத்தெடுக்க ஜாக்கும் ரெபெக்காவும் நீதிமன்றம் போகும் காட்சி ஒன்று உண்டு. நீதிபதி கறுப்பினத்தவர், டெல்ராய் லிண்டோ நடித்தார். இந்தக் குழந்தை கறுப்பினக் குடும்பத்தில் வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். இதற்குப் பின்னே உண்மையான வரலாறு இருக்கிறது. 1972இல் அமெரிக்கக் கறுப்பின சமூகப் பணியாளர்களின் தேசிய சங்கம், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் வளர்ப்பதை வெளிப்படையாக எதிர்த்தது. லிண்டோ அந்த நீதிபதியை வில்லனாக்கவில்லை. அவர் கண்ணில் தெரிவது வெறுப்பல்ல, குழந்தையைப் பற்றிய கவலை. அந்தக் கவலை நியாயமானது என்பதை வளர்ந்த ராண்டலின் தனிமை பின்னால் மெய்ப்பிக்கிறது. அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவைக்கும் எத்தனையோ குடும்பத் தொடர்களுக்கு நடுவே இது பெரிய நேர்மை.

டேஜாவின் மறுப்பு

இனி லிரிக் ராஸ். பன்னிரண்டு வயது டேஜா, தாய் சிறையில் இருப்பதால் வளர்ப்புப் பராமரிப்புக்காக ராண்டல், அவன் மனைவி பெத் ஆகியோரின் வீட்டுக்கு வருகிறாள். கொஞ்சினால் மலர்ந்துவிடும் குழந்தையாக ராஸ் நடிக்கவில்லை. தோள்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். பார்வை எப்போதும் அறையின் வாசலை அளந்துகொண்டிருக்கும். ராண்டல் எவ்வளவு அதிகம் பேசுகிறானோ அவ்வளவு குறைவாகப் பேசுவாள். பெத்தாக வரும் சூசன் கெலெச்சி வாட்சன் அவள் தலைமுடியைப் பின்னிவிடும் காட்சியில்தான் அந்த உடல் முதன்முறை தளர்கிறது. பெத் எதையும் கேட்டு வற்புறுத்தாததால் வந்த தளர்வு அது.

வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும் ஒன்றல்ல. பராமரிப்பின் முதல் நோக்கம் குழந்தையைப் பெற்றவர்களிடமே திருப்பிச் சேர்ப்பது. தாய் ஷானா விடுதலையாகி வந்ததும் ராண்டல் டேஜாவை அனுப்பிவைக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த விடைபெறுதல் வலிக்கிறது. ஆனாலும் ஷானாவாக நடித்த ஜாய் பிரன்சன் அவளைக் கெட்டவளாகக் காட்ட மறுத்தார். வறுமையில், சின்ன வயதிலேயே தாயானவள். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவள். கடைசியில் அவளே மகளை இவர்களிடம் விட்டுப் போகிறாள்.

பிறகு ராண்டலின் சகோதரி கேட்டின் திருமணம். விருந்துக்கு வந்த ஒருவர், நீ உன் அப்பா ஜாடை என்று டேஜாவிடம் அன்பாகச் சொல்கிறார். டேஜா வெளியே போய், பேஸ்பால் மட்டையை எடுத்து ராண்டலின் காரை அடித்து நொறுக்குகிறாள். தொடரின் மிகத் துணிச்சலான நடிப்பு இதுதான். ராஸ் கத்தவில்லை, அழவில்லை. நல்ல வீடு கிடைத்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கும் எல்லோருக்கும் அந்த அடிகளே பதில். பெற்றவளை இழந்த துக்கத்தை நல்ல வீடு ரத்துசெய்துவிடாது.

சறுக்கிய இடங்கள்

குறைகளும் உண்டு. அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பராமரிப்பில் இருந்த குழந்தையின் பெற்றோர் உரிமையை நீக்கக்கோரி மாநிலம் பொதுவாக வழக்குத் தொடர வேண்டும். அந்த நீண்ட, கொடுமையான காத்திருப்பைத் தொடர் வேகமாகத் தாண்டிவிடுகிறது. ஷானாவும் கதையிலிருந்து சீக்கிரமே ஓரங்கட்டப்படுகிறாள். கேட்டும் அவள் கணவன் டோபியும் தத்தெடுக்கும் ஹெய்லியின் கதைக்கு இந்த ஆழத்தில் பாதிகூட இல்லை. நடிகர்கள் மௌனத்தில் சாதித்ததைப் பின்னணி இசை நம்பாமல் நிரப்பிய தருணங்களும் பல.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிது. ராண்டல் நன்றிக்கடனை முதுகில் சுமந்தே நடுவயதுக்கு வந்தவன். டேஜா அந்தச் சுமையை ஏற்க மறுத்தவள். அவளுடைய மறுப்பைத் தாங்கிக்கொள்ளும்போதுதான் ராண்டல் தகப்பனாகிறான். தத்துப்பிள்ளைகளைப் பற்றிய எந்தத் தொடரையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்: அதில் வரும் குழந்தைக்குக் கோபப்பட உரிமை இருக்கிறதா? முழுத் தொடரையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடு முதல் அதன் கடைசி எபிசோடு வரை பாருங்கள். அன்பு காட்டுகிறவர் பொறுமையாக இருக்க வேண்டும், அன்பைப் பெறும் குழந்தை நன்றி சொல்ல வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாக நடித்துக்காட்டிய வேறொரு தொடர் எனக்குத் தெரியாது.