காலமறிதலும் எங்கள் பாடவழியும்

திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தின் உரைமரபு பற்றி எழுதும்படி மலர்க்குழு கேட்டது. தலைவர் ஐயாவின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. உரைகாரர் பதின்மரை இங்கே அறிமுகப்படுத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மணக்குடவர் வழியினர் சுருக்கத்தில் நிறைவு காண்பவர்கள். பரிதியாரையும் காலிங்கரையும் ஒப்பிட்டுப் படிப்போர் அருகிவிட்டார்கள்.

எங்கள் புலவர் ஐயா பரிமேலழகர் பள்ளி. வலியறிதலை முன்னும் இடனறிதலைப் பின்னும் வைக்காமல் 49ஆம் அதிகாரத்தைத் தொடவே விடமாட்டார். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்கிறது குறள், சரி. படைக்குப் பகல் எது? வெம்மையும் குளிர்ச்சியும் ஒத்து, நோய் தராமல், தண்ணீரும் உணவும் கிடைக்கும் பருவம் என்பார் பரிமேலழகர். “யானைப் படைக்கு எந்த ஆற்றில் தண்ணீர் காட்டுவாய்?” என்று ஐயா மடக்குவார். கௌடிலியரும் இந்தக் கவலைப்பட்டவர்தான். கோடையில் நீரின்றி நடத்தினால் யானைக்குக் கண்பார்வை போகும் என்று எச்சரிக்கிறார். வலியா, இடமா, காலமா பெரிது என்று ஆசிரியர்கள் பிணங்க, மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் என்று அவர் தீர்த்துவைக்கிறார். காலத்துக்கு அங்கும் காக்கையும் கூகையும்தான். இடத்துக்கு நாயும் முதலையும். நம் முதலை அடுத்த அதிகாரத்தில் கிடக்கிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்ற வழக்கை மட்டும் ஐயா கிளற விடமாட்டார்.

கொக்குக் குறளில் பரிமேலழகர் இருப்பையும் குத்தையும் பிரித்துக் காட்டுவார். உயிரற்றதுபோல் இருப்பது, மீன் முன்னறிந்து தப்பாதிருக்க. விரைந்து குத்துவது, வந்த மீன் நழுவாதிருக்க. பாசறையில் காத்திருப்பவனுக்கு இரண்டும் வேண்டும்.

இன்றைய பேச்சாளர் எவரையும் நான் சுட்டவில்லை. நல்ல குரல், நல்ல உழைப்பு. ஆனால் அதிகாரம் முழுதும் ‘டைம் மேனேஜ்மென்ட்’ ஆகிவிட்டதே! கொக்கு நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிறது. பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா, தோல்வியில் துவளாத மாணவனாகிவிட்டது. படையைக் காணோம், பகைவனையும் காணோம். உரைநூலைக் கையில் எடுத்து வருபவரும் இல்லை. கைப்பேசியில் பொழிப்புரை, மேடையில் கைதட்டல். ஒரு மாலை முழுதும் ஒரு குறள் நின்ற காலம் போய், பேச்சுக்குப் பத்து நிமிடம், பொன்னாடைக்கு அரைமணி. வரும் ஆண்டுப் போட்டியில் குறளோடு பரிமேலழகர் உரையையும் ஒப்பிக்கவேண்டும் என்று விதி செய்தால், பரிசுத்தொகையில் என் பங்கையும் தருகிறேன்.