வழிநூலும் வழிப்பாட்டும்

பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை மீண்டும் எடுத்துப் பாடுவது கலையா, போலியா? 1960களில் தோன்றிய கித்தார்க் குழுக்களைப் பற்றிய பேச்சில் இவ்வினா தவறாது எழும். தமிழ் பயின்றோர்க்கு இதற்கு விடை காண்பது அரிதன்று. நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பியர் வழிநூலை இழிந்ததெனக் கூறவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகை நெறி வகுத்தார். பின்வந்த நன்னூலார், வழிநூல் செய்வோன் தான் விரும்பும் வேறுபாட்டைச் சேர்க்கவும் இடந்தந்தார். இவ்வளவுகோலைப் பாட்டுக்கும் கொள்ளலாம்.

அவ்வாறு அளந்து பார்ப்பதற்கு ஏற்ற ஊர் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் முன்னர்ப் பிட் தெரு எனப்பட்டு, இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என வழங்கும் வீதியில், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் நிற்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கப்பட்ட அதன் தோற்றம் மொகலாயப் பாணியைத் தழுவியது. குவிமாடத்தின் வடிவம் வேறிடத்திலிருந்து வந்தது என்பதால் அதனைப் போலி என்பார் எவருமிலர். வந்ததை வாங்கித் தனதாக்கிக்கொள்வது இத்துறைமுக நகரின் இயல்பு.

இசையிலும் அதுவே நிகழ்ந்தது. 1961இல் கிளிப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் பாடிச் சென்றபின், மலாய் நாட்டு இளைஞர் பலர் கித்தாரைக் கையிலெடுத்தனர். 1963இல் வந்த பீட்டில்ஸ் பாட்டொன்றில் ஒலித்த ‘யே யே’ என்னும் கூவலே இம்மலாய்ப் பாடல்களுக்குப் பெயராயிற்று. ‘பாப் யே யே’ என்றனர். 1964இல் எம். உஸ்மான் பாடிய ‘சுசானா’ அவ்வகையின் முன்னோடி. இப்புது மோகத்தையே பொருளாக்கி ‘ஏ கோ கோ 67’ என்னும் படம் 1967இல் வெளிவந்தது.

இப்பாடல்களை ஊன்றிக் கேட்பின் ஓர் உண்மை புலனாகும். கித்தாரும் முழவும் மேற்கத்தியவை. குரலின் நெளிவோ மலாய் மரபினது. நன்னூலார் ஒப்பிய வேறுபாடு இதுவே. மூலத்தை அச்சொட்டாகப் பாடுவது கையெழுத்துப் பழகும் மாணவன் பார்த்தெழுதுவதை ஒக்கும். அப்பயிற்சி இகழத்தக்கதன்று, ஆயின் அதனையே கவிதை எனக் கொள்ளுதல் கூடாது.

அப்பயிற்சி எங்குக் கொண்டுசெல்லும் என்பதற்குச் சான்று, 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான அலிகேட்ஸ் குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் அதன் குரல்களாயினர். 1970களில் ஹாங்காங் சென்று, அங்குள்ள விடுதிகளில் பிறர் பாடல்களைப் பாடித் தேர்ந்தனர். தாயகம் மீண்டபின் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தனர், எம். நாசிர் போன்றோர் அவர்களுக்கு இசையமைத்தனர். 2007இல் லோகநாதன் மறைந்தபோது, இனவேறுபாடின்றி வருந்தினோர் பலர். வழிப்பாட்டில் தேர்ந்த குரல் முதற்பாட்டுக்கு உரியதாயிற்று.

அக்குரல் தமிழில் நிலைபெறாமல் மலாயில் நிலைபெற்றதே எனச் சிலர் வருந்தக்கூடும். நாட்டின் பொதுமொழியில் புகழ்பெற்றது குறையன்று. ஆயினும் தமிழாலும் அது கூடும் என்பதை இலங்கை காட்டியது. நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ பைலாவின் துள்ளலை ஏற்றும், யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை விடவில்லை. பேச்சுமொழியை இழிவெனக் கருதாத துணிவே அதன் வெற்றிக்குக் காரணம்.

நம் முன்னோர் நாடகப் பாட்டுப் புத்தகங்களில், பாட்டின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டனர். மெட்டைக் கடன் வாங்கியதை அவர்கள் மறைக்கவில்லை. இன்று பள்ளி விழாவில் மாணவர் பழம்பாட்டொன்றை எடுத்துப் பாடும்போது, ஆசிரியர் நோக்க வேண்டியவை இரண்டே: மூலத்துக்கு உரியவரைச் சொன்னார்களா? தம் குரலையும் தம் மொழியின் ஓசையையும் அதில் சேர்த்தார்களா? இரண்டும் இருப்பின் அதனை வழிநூலுக்குரிய மதிப்போடு ஏற்கலாம். முன்னது இல்லையேல் அது களவு. பின்னது இல்லையேல் அது பயிற்சி.