தகப்பன் பெயரும் மகள் பாட்டும்

எம்.ஐ.ஏ.யின் முதல் இசைத்தொகுப்பு 'அருளர்' 2005இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டன் போன மாயா அருள்பிரகாசம், ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளப்பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து உருவாக்கத் தொடங்கிய பாட்டுகள் இவை.

மேற்கத்திய விமர்சனம் இதை எப்படி வாசித்தது? பாட்டைக் கேட்டதைவிட, பின்னாடி எந்த ஆம்பளை இருக்கான் என்று தேடியதே அதிகம் என்பேன். முதலில் அப்பா. அருளர் ஈரோஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்; புலி அல்ல. அந்த வேறுபாடு பலருக்குத் தேவைப்படவில்லை. 'புலியின் மகள்' என்கிற பிம்பமே போதுமாயிருந்தது. அடுத்து டிப்ளோ. இத்தொகுப்பில் அவர் கை பட்டது ஒரே பாட்டில்தான் என்று 2007இல் மாயா சண்டை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தயாரிப்பாளர்கள் பலர் இதில் உண்டு, கூட்டுழைப்பை நான் மறுக்கவில்லை. ஒரு பொம்பளை கருவியைத் தொட்டுப் பாட்டு செய்தாள் என்பது மட்டும் ஏன் நம்ப முடியாததாகிறது?

தலைப்பே தகப்பன் பெயர்தானே என்று கேட்கலாம். தகப்பன் பெயரை இனிஷியலாகச் சுமப்பது நமக்கும் பழக்கம்தான். இங்கே, வீட்டில் இல்லாத அப்பாவின் இயக்கப் பெயரை மகள் எடுத்துத் தன் சரக்குக்கு லேபிளாக ஒட்டுகிறாள். பெயர் யாருக்குச் சொந்தம் என்ற அதிகாரம் இதில் கைமாறுகிறது. தமிழில் இத்தொகுப்பைப் பேச வருபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.